சிங்கப்பூர் மேக்ஸ்வெல் உணவங்காடி: தனியாகப் போய்ச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு

தனியாக சிங்கப்பூர் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா விசாவைப் பற்றிக் கேட்கவில்லை, தங்கும் இடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "ஒத்தையில உக்காந்து எப்படி சாமி சாப்பிடுவ?" என்றுதான் கேட்டார். நியாயமான கேள்விதான். சேலத்திலேயே ஒரு பெண் தனியாக ஓட்டலுக்குள் நுழைந்தால் "எத்தனை பேரும்மா?" என்று கேட்டுவிட்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்து, அப்புறம்தான் இடம் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்து அப்படிப் பார்க்காத இடம் தட்டுவடைகளுக்கு நடுவே காய்கறித் துருவலும் சட்னியும் வைத்துத் தருகிற தட்டுவடை செட் வண்டி மட்டும்தான். யாரோடு வந்தாய் என்று அங்கே யாருக்கும் அக்கறையில்லை, செட்டு காரமா வேணுமா, குறைச்சலா வேணுமா என்பதுதான் பேச்சு.

அந்த வண்டியடியில் நிற்கிற நிம்மதி எனக்கு மேக்ஸ்வெல்லில் கிடைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் ராத்திரி நான் போனது அங்கே இல்லை. சில்லி கிராப் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு பெரிய கடல் உணவுக் கடைக்குப் போனேன். நண்டை எடை போட்டு விற்கிறார்கள், இருந்ததிலேயே சின்ன நண்டு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. குழம்பு அருமை, தக்காளியும் மிளகாயும் முட்டையும் சேர்ந்த இனிப்புக் காரம், ஆனால் பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை. நான் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த பணம் அந்த ஒரு வேளையில் போய்விட்டது. அந்த மாதிரி இடங்கள் நாலு பேராகப் போகிறவர்களுக்கு. ஒருவருக்கு என்று அளவாக அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை மேக்ஸ்வெல். சைனாடவுனில் இருக்கிறது, மேக்ஸ்வெல் என்ற பெயரிலேயே ரயில் நிலையம் உண்டு, வெளியே வந்தால் எதிரிலேயே தெரியும். நாம் ஹாக்கர் சென்டர் என்கிறோமே, அதற்கு அங்கே தமிழில் உணவங்காடி நிலையம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு காலத்தில் தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களைத் தண்ணீர்க் குழாய், சாக்கடை வசதியோடு ஒரே கூரைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான் இந்த நிலையங்கள். 2020 டிசம்பரில் இந்த ஹாக்கர் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தனியாகப் போகிறவருக்கு முதலில் வரும் சிக்கல் இடம் பிடிப்பது. தட்டை வாங்கப் போனால் இடம் போய்விடும், இடத்தில் உட்கார்ந்தால் தட்டு வராது. அதற்கு அவர்கள் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அது இருந்தால் இடம் ஆளுக்குச் சொந்தம். எனக்கு இது தெரியாமல் ஒரு பாக்கெட் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வயதான சீன அம்மா தட்டோடு வந்து நின்றார். நான் எழுந்திருக்கப் போனதும் பக்கத்து முக்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, இதைச் சோபிங் என்பார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கி, தன் பையிலிருந்து ஒரு புது பாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் சாப்பிடுவது அங்கே சாதாரணம்.

சரி, சாப்பாடு. 10, 11ஆம் எண் கடையான தியான் தியானின் ஹைனான் சிக்கன் ரைஸ்தான் எல்லோரும் சொல்வது. பார்த்தால் நமக்கு நம்பிக்கை வராது. பள்ளிப்பாளையம் சிக்கனில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு வளர்ந்த நாக்குக்கு இந்த வெளுத்த கோழி என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். கோழியைக் கொதிக்கவிடாமல் மெதுவாக வேகவைத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுகிறார்கள், அதனால் தோல் வழுவழுவென்றும் கறி பஞ்சு போலவும் இருக்கிறது, சூடாக வராது. ஆனால் விஷயம் சோற்றில் இருக்கிறது. கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டு வதக்கி, வாசனைக்குப் பாண்டான் இலை போட்டு, கோழி வெந்த தண்ணீரிலேயே வடித்த சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, லேசாக மின்னிக்கொண்டு இருந்தது. வெறும் சோற்றையே நாலு வாய் சாப்பிட்டேன். புளிப்பும் பூண்டும் தூக்கலான மிளகாய்ச் சட்னியைத் தொட்ட பிறகு அந்தக் கோழியும் வெளுப்பாகத் தெரியவில்லை. ஒரு தட்டு ஒருவருக்குச் சரியான அளவு.

கேரட் கேக் என்று ஒன்று உண்டு, அதில் கேரட்டும் இல்லை, அது கேக்கும் இல்லை. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, முட்டையோடு கல்லில் புரட்டுகிறார்கள். தட்டுவடையை நொறுக்கி முட்டையோடு கலந்து தருகிற நம் முட்டை நொறுக்கல் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும், கறுப்பு சாஸ் ஊற்றாததை முதலில் வாங்குங்கள்.

காபி பற்றி ஏற்காட்டுக் காபி குடிக்கிறவளாகச் சொல்கிறேன். நம் மலையில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்திலிருந்தே காபி, அதுவும் பெரும்பாலும் அராபிகா, மணம்தான் முக்கியம். அங்கே ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, நீளமான துணி வடிகட்டியில் இறக்குகிறார்கள். சும்மா கோப்பி என்று கேட்டால் கண்டன்ஸ்டு மில்க் போட்டுத் தித்திப்பாக வரும். "கோப்பி சி கோசோங்" என்று கேளுங்கள், சர்க்கரை போடாமல், இனிப்பில்லாத எவாபரேட்டட் மில்க் ஊற்றித் தருவார்கள். மணம் நம்முடையதுதான் ஒசத்தி, ஆனால் அந்தக் கெட்டித்தன்மைக்காகத் தினமும் இரண்டு குடித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஏசி கிடையாது, விசிறிதான், சேலத்து வெயில் பழகியவர்களுக்கே அந்தப் புழுக்கம் கசகசக்கும். தண்ணீர் வைக்க மாட்டார்கள், பாட்டில் கையில் இருக்கட்டும். மதியம் 12 மணிக்கு மேல் ஆபீஸ் கூட்டம் வந்துவிடும். சில கடைகளில் நம் கார்டு செல்லாது, சில்லறையாக வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அவசியம். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து விட்டுவிட்டுப் போனால் நடவடிக்கை உண்டு. ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, பார்த்து வையுங்கள்.

சைவம் மட்டும் என்றால் இந்த இடத்தை நான் சொல்ல மாட்டேன், நிறைய கடைகளில் பன்றிக்கொழுப்பு சேரும். அவர்கள் லிட்டில் இந்தியாவில் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குப் போகலாம், தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் பஸ்ஸில் போய் ஏறிவிடலாம். ஐந்து நாளில் பதினோரு கடைதான் என்னால் முடிந்தது. மீன் கஞ்சிக் கடையில் ஒவ்வொரு முறையும் வரிசை நீளமாக இருந்ததால் சாப்பிடாமலே வந்துவிட்டேன், பொங்கல் முடிந்ததும் திரும்பப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.