ஹோம் நர்ஸ் என்ற பெயரில் 38,000 ரூபாய்: கடலூர், புதுச்சேரி ஆட்கள் கவனம்

கடலூர், புதுச்சேரி பக்கம் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் சித்திக்கு ஆள் வைத்ததில் 38,000 ரூபாய் போனது. பணம் கிடக்கட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வரும்போது சித்தி உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இன்றைக்கு இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்குச் சற்று மேலே, ஒரு எலுமிச்சம்பழம் உள்ளே போகிற அளவுக்குக் குழி விழுந்த படுக்கைப் புண். கறுத்துப்போன சதையை வெட்டி எடுத்து டிரஸ்ஸிங் நடக்கிறது.

வீட்டுக்கு நர்ஸ், அட்டெண்டர் அனுப்புகிற ஏஜென்சி அது. புதுச்சேரியில் ஆபீஸ், கடலூரில் கிளை. பதிவுக் கட்டணம் 3,000, டெபாசிட் 10,000, முதல் மாதச் சம்பளம் 21,000, ஏர் பெட் (படுக்கைப் புண் வராமல் இருக்க மோட்டார் வைத்துக் காற்று ஏற்றி இறக்கும் மெத்தை) வாடகையும் அதற்கு முன்பணமும் 4,000. ஆக 38,000 ரூபாய், ஆள் வருவதற்கு முன்பே ஜிபேயில் வாங்கிவிட்டார்கள்.

நம்பவைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். சூப்பர்வைசர் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா வந்தார். பிபி பார்த்தார், சுகர் பார்த்தார். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இனிமே நீங்க எங்க வீட்டு மனுஷி, கவலையே படாதீங்க" என்றார். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தவர்; பேச்சும் நினைவும் தெளிவு. அவரே "பணத்தைக் குடுத்துடுங்க" என்று சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, டயாப்பர் மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாவற்றையும் குறித்துவைக்க ஒரு நோட்டும் கொடுத்தார்கள். நோட்டைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

வந்தது இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். நர்சிங் படித்தவளே இல்லை. "பாட்டிக்குத் துணைக்கு இருந்தா போதும்னு சொல்லி அனுப்பிச்சாங்க" என்று அவளே பிறகு சொன்னாள். அந்தப் பிள்ளை மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. பயிற்சி கொடுக்காமல் அனுப்பியவர்கள் மேல்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

என்ன தப்பு நடந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன், உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள உதவும்.

முதலில் ஏர் பெட். மோட்டாரில் இருக்கும் டயலை ஆளின் எடைக்குத் தகுந்த மாதிரி வைக்க வேண்டும். சித்தி ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். டயல் கடைசி வரைக்கும் திருகிக் கிடந்தது. பெட் பலகை மாதிரி விறைத்துப்போய், காற்று மாறி மாறி ஏறி இறங்குவதே தெரியவில்லை. குறைத்து வைத்தாலும் ஆபத்துதான், இடுப்பு கீழே போய்த் தட்டும். இடுப்புக்கு நேர் கீழே, பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று தாங்க வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றும் இறங்கும். புயல் மழைக்குப் பேர்போன நம் ஊரில் இன்வெர்ட்டர் லைனில் அதைப் போடாமல் இருப்பது தப்பு. ஏர் பெட் இருக்கிறதே என்று ஆளைத் திருப்பாமல் விடவும் முடியாது.

திருப்புவது என்றால் நேர் பக்கவாட்டில் சாய்ப்பது அல்ல. அப்படிச் சாய்த்தால் பாரம் முழுக்க இடுப்பு எலும்பின் முனையில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி நிற்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட வளையத் தலையணை வேண்டவே வேண்டாம்; சுற்றி உள்ள தோலுக்குப் போகிற ரத்தத்தை அது நெரிக்கும்.

தோல் தடித்து நிறம் மாறியதும் அந்தப் பெண் தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்து, மேலே பவுடரையும் கொட்டியிருக்கிறாள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே நசுங்கிக் கிடக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் தேய்க்கத் தேய்க்க இன்னும் கெடும். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. விரலால் அழுத்தி எடுங்கள், நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் தொடக்கம். தொட்டால் சூடாகவோ, கல் மாதிரிக் கெட்டியாகவோ இருந்தாலும் அதேதான். அந்த நிலையில் பாரத்தை எடுத்துவிட்டால் ஆறிவிடும். தோல் உரிந்து உள்ளே போய்விட்டால் மாதக்கணக்கு.

இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியிருக்கிறாள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோளில் மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசைக்குப் பலம் இருக்காது. இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். இப்போது சித்தியால் ஜாக்கெட் போடக்கூட முடியவில்லை, அவ்வளவு வலி. தூக்க வேண்டுமென்றால் தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுக்க வேண்டும், இல்லை என்றால் அடியில் விரிப்பைப் போட்டு இரண்டு பேர் நகர்த்த வேண்டும்.

இதையெல்லாம் விடக் கொடுமை தண்ணீர். டயாப்பர் மாற்றும்போதெல்லாம் "இப்பதானே மாத்தினேன், மறுபடியுமா?" என்று அந்தப் பெண் முகம் சுளித்திருக்கிறாள். சித்தி தண்ணீர் கேட்பதையே நிறுத்திவிட்டார். தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். தண்ணீர் குறைந்ததும் சிறுநீர் மஞ்சளாகிக் கெட்டியாகி, தொற்று வந்து, காய்ச்சல் வந்து, ராத்திரியில் ஆள் தெரியாமல் உளற ஆரம்பித்தார். மலச்சிக்கல் வேறு. ஒரு சுளித்த முகத்திலிருந்து இத்தனையும். "மனசு வேற, உடம்பு வேற" என்று ஏஜென்சிக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டு வாங்குகிற நோயாளி தண்ணீரைக் குறைப்பார், சாப்பாட்டைக் குறைப்பார், வலியை வெளியே சொல்ல மாட்டார். புரதம் இறங்காத உடம்பில் புண் எப்படி ஆறும்? பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் வைத்தியத்தில் சேர்த்திதான். ஓயாமல் பேசுகிற சித்தி, நாங்கள் போனாலும் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. சாயங்காலம் பார்க்கிறோம், மறுநாள் காலை 6 மணி வரைக்கும் டிக் போட்டு முடிந்திருக்கிறது. ஒரே பேனா, ஒரே சாய்வு. 10 மணி இடது பக்கம், 12 மணி வலது பக்கம், 2 மணி இடது பக்கம் என்று இன்னும் வராத ராத்திரிக்குக் கணக்கு எழுதியாகிவிட்டது. "ஆபீஸ்ல இப்படித்தான் எழுதச் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

ஏஜென்சிக்குப் போன் போட்டால், "வயசானவங்கன்னா புண்ணு வரத்தாங்க செய்யும்." வயதானால் தானாக வருவதல்ல இது. சரியாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் வராமல் தடுக்கலாம். கடலூர் கிளையில் கேட்டால், "பணம் விஷயம் பாண்டி ஆபீஸ்ல பேசுங்க." பாண்டியில் கேட்டால், "நீங்க தமிழ்நாடு, கடலூர்லயே பேசிக்கோங்க." ஆற்றைத் தாண்டினால் வேறு அரசாங்கம் என்பது இவர்களுக்கு எவ்வளவு வசதி! பணம் வாங்கும்போது இந்த எல்லை இல்லையே? கை பிடித்துப் பேசிய அந்தச் சூப்பர்வைசர் அம்மா எப்போதும் "மீட்டிங்கில்" இருக்கிறார். புண்ணின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினோம், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில், டெபாசிட் திரும்ப வராது என்று ஃபார்மில் இருக்கிறதாம். 38,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

யோசனைகள் நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு அவசரமாக இவ்வளவுதான்.

நர்ஸ் என்று சொன்னால் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அட்டெண்டர் என்றால் உங்கள் கண் முன்னால் ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைப் பேசுங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள், வாரக் கணக்கில் கொடுங்கள். யார் வந்தாலும் தினமும் ஒரு வேளை வீட்டு ஆள் ஒருவர் இடுப்பு, குதிகால் இரண்டையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், நோட்டை நம்பாதீர்கள்.

கடலூர் பக்கம் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கியது, வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான கவனிப்பும் கொடுக்கிறார்கள், இலவசம்தான். முதியவர்களுக்கான உதவி எண் 14567.

ஏமாந்தவர்கள் ரசீது, ஜிபே விவரம், தேதியோடு புண்ணின் படம், அந்த நோட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நோட்டை அவர்கள் கேட்டால் கொடுக்காதீர்கள், எங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நாங்கள் போடப்போகிறோம்.