வரி ரசீது மதிப்பா, சந்தை மதிப்பா: பாகம் பிரிக்க எது பொருந்தும்?

தருமபுரி நகராட்சி எல்லைக்குள் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை உடன்பிறந்தவர்களில் ஒருவர் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பங்கைப் பணமாகக் கொடுப்பது என்று முடிவானபோது, எந்த மதிப்பை அடிப்படையாகக் கொள்வது என்பதில்தான் பேச்சு நீண்டது. சொத்து வரிப் பதிவேட்டிலுள்ள ஆண்டு மதிப்பை, அதாவது வீட்டுக்கு ஆண்டுக்கு வரக்கூடிய வாடகைக் கணிப்பை, பல மடங்காக்கி ஒரு விலைக்கு வரலாம் என்றனர் பெரியவர்கள் சிலர். அரசு அலுவலகம் போட்ட மதிப்பை எவரும் குறை சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை அழைத்துச் சந்தை மதிப்பைக் கணிப்பதே முறை என்றேன் நான். இறுதியில் அப்படியே செய்தோம்.

வரி மதிப்பீட்டுக்கும் பயன் உண்டு. கட்டடத்தின் பரப்பு, குடியிருப்பா வணிகமா என்ற வகை, வரி யார் பெயரில் இருக்கிறது என்பவற்றை அதில் சரிபார்க்கலாம். ஆனால் அது உரிமை ஆவணமும் அன்று, விலைச்சீட்டும் அன்று.

காரணம், அந்த மதிப்பீடு கேட்கும் கேள்வியே வேறு. இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்பதையே அது கணிக்கிறது. தெருவை மண்டலமாக வகைப்படுத்தி, சதுர அடிக்கு ஓர் அடிப்படை மதிப்பை வைத்து, கட்டடப் பரப்பால் பெருக்கி, வயதுக்கேற்பக் கழிக்கிறார்கள். இதில் மனை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஒரே தெருவில் ஆயிரம் சதுர அடியில் ஒரே வயதுடைய இரண்டு வீடுகள் இருந்து, ஒன்று மூன்று சென்டிலும் மற்றொன்று ஆறு சென்டிலும் அமைந்திருந்தால், வரி கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். விற்கும்போது இரண்டையும் ஒரே விலைக்கு வாங்குவார் எவரும் இல்லை. பழைய வீடுகளில் பெரும்பகுதி விலை மண்ணில்தான் இருக்கிறது. சுவர் பழையதாக ஆக வரிக்கணக்கு இறங்கும், மனை விலையோ ஏறிக்கொண்டே போகும். மதிப்பீட்டாளர் நிலத்துக்குத் தனியாகவும், தேய்மானம் கழித்த கட்டடத்துக்குத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டியதால்தான் எங்கள் வீட்டில் சச்சரவு அடங்கியது.

2022 ஏப்ரலில் வந்த வரிச் சீராய்வும் இதையே காட்டியது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வை நிர்ணயித்தது கட்டடப் பரப்பே. அந்தத் தெருவில் நிலம் என்ன விலைக்குப் போகிறது என்பது அந்தப் படிநிலையில் எங்கும் வரவில்லை.

பத்திரப் பதிவுக்காகப் பதிவுத்துறை நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு, வரி மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் நடுவில் நிற்கிறது. பத்திரச் செலவைக் கணிக்க அது போதும். குடும்பத்தாருக்குள் ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட 40,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டது. எனவே தீர்வைக்கு அஞ்சி மதிப்பைக் குறைத்துப் பேசுவதில் எங்களுக்குப் பெரிய ஆதாயம் இருக்கவில்லை.

சந்தை மதிப்பிலும் ஒரு பலவீனம் உண்டு: ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்ததைப் போன்ற ஒரு செய்தி போதும், கேட்கும் விலை மறுநாளே மாறிவிடும். (இத்தகைய செய்திக்கு வரி ரசீது அசையாது, வரி கட்டுபவருக்கு அது நல்லதே.) ஆகவே தரகர்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டு, அருகில் அண்மையில் உண்மையாகவே கைமாறிய மனைகளின் விலையை மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு ஒப்பிட்டோம்.

எங்களுடையது நாங்களே குடியிருந்த வீடு. வாடகையே விலையைத் தீர்மானிக்கும் கடைவீதிக் கட்டடங்களுக்கு இந்த முடிவு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று உறுதி கூற மாட்டேன். அங்கே ஆண்டு மதிப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பதில் நியாயம் இருக்கலாம்.