டர்பனில் மூளை இரத்தக்கசிவுக்கு எந்த ஆஸ்பத்திரி? சாட்ஸ்வர்த் முதல் கேட்டோ மேனர் வரை ஒரு மதிப்பீடு

மூளையில் இரத்தம் கசிந்தவரை எங்கே சேர்ப்பது என்று டர்பனில் கேட்டால், பளபளப்பான கட்டடத்தின் பெயர்தான் முதலில் வரும். பார்க்க வேண்டியவை இரண்டே. முதல் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியது கைவசம் இருக்கிறதா? அதற்குப் பிறகு, இந்த நோயை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் இரவிலும் இருக்கிறார்களா?

முதல் மணி நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. சாட்ஸ்வர்த்துக்காரர்களுக்கு ஆர். கே. கான், ஃபீனிக்ஸ்காரர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. பக்கத்தில் இருப்பதே முதல் வாசல். கேட்க வேண்டிய கேள்வி, "சி.டி. ஸ்கேன் இப்போது ஓடுகிறதா?" என்பதுதான். மூளை இரத்தக்குழாயில் அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அடைப்புக்குக் கொடுக்கும் கட்டி கரைக்கும் ஊசி கசிவில் உயிரையே எடுத்துவிடும்.

இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் நடந்து 2023இல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வு சோதித்தது எளிய நான்கு வேலைகளை: ஒரு மணி நேரத்துக்குள் மேல் பிரஷரை 140க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, உடல் சூட்டை 37.5 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைப்பது, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஐ.என்.ஆர். அளவை (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 1.5க்குக் கீழே இறக்குவது. இவற்றைச் சேர்த்துச் செய்த ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் மேலாகத் தேறினார்கள். இந்த வேலைகளிலும் சறுக்கல் உண்டு. பிரஷரை ஒரேயடியாக 130க்குக் கீழே தள்ளுவது ஆபத்து; சொட்டு மருந்தை ஏற்றிவிட்டு 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க ஆள் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும். வார்ஃபரினை முறிக்கப் பிளாஸ்மாவை மட்டும் நம்பினால், அதை உருக்கவே ஏறக்குறைய அரை மணி போய்விடும். நம் பக்கத்துப் பைன்டவுனில் தயாராகும் ஹீமோசால்வெக்ஸ் (இரத்தம் உறைய உதவும் பொருள்களின் செறிவு மருந்து) இருந்தால், வைட்டமின் கே ஊசியோடு சேர்த்து வேகமாக ஏற்றலாம்.

அடுத்த படி கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை. 2002இல் திறந்தது, 846 படுக்கைகள். நேராக வாசலில் போய் நிற்க முடியாது. வேறொரு ஆஸ்பத்திரி அனுப்பினால்தான் எடுப்பார்கள். அங்கே நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது. அதன் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. புடைத்த இரத்தக்குழாய் வெடித்து மூளை உறைக்கடியில் கசிவு வந்தால், வருடத்துக்கு 10 பேருக்கும் குறைவாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி, 35 பேருக்கு மேல் பார்க்கும் இடத்துக்குச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று 2012இன் அமெரிக்க வழிகாட்டுதலே சொன்னது.

இது சர்ஜனின் கைத்திறனை மட்டும் பற்றிய பேச்சில்லை. வார்டு நர்ஸின் பழக்கம் அதே அளவுக்கு முக்கியம். மூளை நீரை வடிக்கும் குழாயின் மட்டம் காது நேருக்கு வைக்கப்படுகிறது. நோயாளியைச் சாய்த்து உட்காரவைக்கும்போது அதை மறுபடி சரிசெய்யாவிட்டால் நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடும். இந்த உறைக்கடிக் கசிவுக்குத் தரும் மருந்து நிமோடிபின்: 60 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கொருமுறை, 21 நாள். பிரஷர் இறங்கினால் பழகாத வார்டில் அந்த வேளை மருந்தையே விட்டுவிடுகிறார்கள். பழகிய வார்டில் அதை 30 மில்லிகிராமாகப் பிரித்து 2 மணி நேரத்துக்கொருமுறை தருவார்கள். 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை இரத்தக்குழாய் சுருங்கும் காலம். அப்போது வரும் லேசான மயக்கத்தைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளாத கண் வேண்டும்.

எல்லாரையும் அங்கே மாற்றத் தேவையில்லை. மூளையின் ஆழத்தில் கசிந்த பலருக்கு அறுவையால் பெரிய பயன் இல்லை. ஆனால் சிறுமூளையில் 15 மில்லிலிட்டருக்கு மேல் தேங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. இடமாற்றம் ஐ.சி.யு. படுக்கைக்காகவே பெரும்பாலும் நின்றுபோகும். விழிப்பு மதிப்பெண், கண்மணி அளவு, நன்றாக இருந்த கடைசி நேரம், ஐ.என்.ஆர்., ஸ்கேன் படம் எல்லாம் ஒரே அழைப்பில் போய்ச்சேர்ந்ததா என்று குடும்பத்தார் தயங்காமல் கேளுங்கள்.

தனியார் பக்கம் படுக்கை சீக்கிரம் கிடைக்கலாம். ஆனால், "புடைத்த இரத்தக்குழாயை மெல்லிய கம்பிச்சுருள் (coil) வைத்து அடைக்கும் டாக்டர் இன்றிரவு இருக்கிறாரா, வருடத்துக்கு எத்தனை செய்கிறார்?" என்று கேட்டுவிடுங்கள். புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். மெடிக்கல் எய்ட் எந்தத் திட்டமாயிருந்தாலும், அவசர நிலை சட்டப்படியான குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். அது இல்லாதவரையும் அவசர சிகிச்சை மறுத்துத் திருப்பி அனுப்ப முடியாது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27(3) பிரிவு அதைத் தடுக்கிறது.

ஒரு ஆஸ்பத்திரியின் அனுபவத்தை அளக்க இன்னொரு அடையாளம்: முதல் நாளே "இனி பயனில்லை" என்று கையை விரிக்கிறார்களா? ஆரம்ப ஸ்கேனை வைத்து முடிவை உறுதியாகச் சொல்ல முடியாது. முன்பே நோயாளி விருப்பம் தெரிவித்திருந்தாலொழிய, சிகிச்சையைக் குறைக்கும் பேச்சைக் குறைந்தது இரண்டாவது முழு நாள் வரை தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். முன்கூட்டிக் கைவிட்டால் அந்தக் கணிப்பே அவரைக் கொன்றுவிடும்.

ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. இடி விழுந்தது போலத் தலைவலி வந்தவருக்கு கிராண்ட்-பா பவுடரோ டிஸ்ப்ரினோ கொடுக்காதீர்கள். இரண்டிலும் ஆஸ்பிரின் இருக்கிறது, கசிவு கூடும். வாய்வழியாகத் தண்ணீரும் வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரைகளை டப்பாவோடு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வார்ஃபரினா என்று டாக்டர் கேட்கும்போது ஞாபகத்தைத் தேடி நேரம் போகக்கூடாது.