விண்டோஸுக்குள் லினக்ஸ்: சி படிக்கிறவர்களுக்கு டபிள்யூ.எஸ்.எல். எப்படி?

சி பாடத்தில் பாதிப் பயிற்சிகள் உள்ளீடு முடியும்வரை வாசித்துக்கொண்டே இருப்பவை. முடிவைச் சொல்ல, புத்தகங்கள் பெரும்பாலும் லினக்ஸ் முறைப்படி கண்ட்ரோல்-டி அழுத்தச் சொல்லும். விண்டோஸ் கொமாண்ட் விண்டோவிலோ புது வரியின் தொடக்கத்தில் கண்ட்ரோல்-இசட் அழுத்தி, என்டரும் தட்ட வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டவிடும் மைக்ரோசொப்டின் டபிள்யூ.எஸ்.எல். இந்த இழுபறியைத் தீர்க்கிறது, அதுவும் இலவசமாக. உயர்தர ஐ.சி.டி.க்குப் பைதன் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது தேவையில்லை. கண்ட்ரோல்-இசட், என்டர் என்று பழகிக்கொண்டால் போதும்.

பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து wsl --install என்ற கட்டளை கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் உபுண்டு என்ற லினக்ஸ் வந்துவிடும். கம்பைலருக்கு பில்ட்-எசென்ஷியல் தொகுதியைத் தனியாகப் போட வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் பழைய லேப்டொப் பார்க்கிறவர்கள், காசு கொடுக்க முன்னம் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்து வேர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டவிடும் வசதி) ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓஃப் என்றால் பயோஸில் போய் மாற்றும்வரை டபிள்யூ.எஸ்.எல்.லின் இரண்டாம் பதிப்பு கிளம்பாது. ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும் என்பதால் 8 ஜிபிக்குக் குறைந்த மெஷினில் பிரவுசரோடு சேர்த்து ஓட்டுவது சிரமம்.

கண்ட்ரோல்-டி நிரலுக்குப் போகும் எழுத்தல்ல. லினக்ஸின் மையமான கேர்னலின் டெர்மினல் பகுதி அதைப் பிடித்து, அந்த வரியில் அதுவரை தட்டியதை நிரலிடம் தள்ளிவிடும். வரி வெறுமையென்றால் தள்ள ஒன்றுமில்லை. நிரல் உள்ளீடு கேட்கும் ரீட் அழைப்பு 0 பைட் என்று திரும்பும், நிரல் அதைத்தான் முடிவாக எடுக்கிறது. வரியின் நடுவில் நிற்கும்போது இரண்டு தரம் அழுத்த வேண்டியிருப்பது இதனால்தான். மூன்றாவது தரமும் கை போனால், நாம் கட்டளை தட்டும் ஷெல்லே மூடிவிடும். உபுண்டுவின் ஷெல்லான பாஷில் இக்னோர்-இஓஎஃப் போட்டுவைத்தால் தப்பலாம்.

விண்டோஸ் பழக்கத்தில் உபுண்டுவிலும் கண்ட்ரோல்-இசட் அழுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. 'ஸ்டொப்ட்' என்று காட்டி ப்ரொம்ட் திரும்பி வரும். நிரல் முடியவில்லை, பின்னால் உறங்குகிறது. எஃப்-ஜி என்று தட்டி மீட்டு, முறையாக முடியுங்கள்.

விண்டோஸில் கண்ட்ரோல்-இசட் தரும் 26ஆம் எழுத்து, கோப்பை 128 பைட் கட்டுகளாகவே கணக்கு வைத்த சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து மிச்சம். உரை எங்கே முடிகிறது என்று காட்ட அப்போது ஓர் அடையாளம் தேவைப்பட்டது. இன்றும் விண்டோஸில் ஒரு படத்தை டெக்ஸ்ட் மோடில் திறந்தால் முதல் 26இலேயே வாசிப்பு நின்றுவிடும். லினக்ஸில் அந்தத் தொல்லை கிடையாது.

டபிள்யூ.எஸ்.எல். தீர்க்காத பிழை ஒன்று உண்டு: ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கும் கெட்சார் தருவதை சார் மாறியில் வைப்பது. இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் 255 என்ற பைட், கெட்சார் முடிவுக்குத் தரும் மைனஸ் 1 ஆகி, முடிவென்று எண்ணப்படும். யூடிஎஃப்-8 என்ற யுனிகோட் முறையில் சேமித்த தமிழ்க் கோப்பைக் கொடுத்துச் சோதித்தால் பிழை தெரியவே தெரியாது, அந்த முறையில் 255 வராது. ஜேபெக் படமோ 255இல்தான் தொடங்குகிறது. நகலெடுத்தால் 0 பைட் கோப்புத்தான் கிடைக்கும். சார் என்பதை இன்ட் என்று மாற்றினால் சரி.