பழைய மண்ணெண்ணெய் இன்ஜின்: பெட்ரோலுக்கு மாற்றுவதா, கேஸுக்கா, அப்படியே விடுவதா?

2024 டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியபோது, நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் சம்பாப் பயிரும் மூழ்கியது. ஆறு வடிந்தும் பள்ளக்காலில் தண்ணீர் வடியவில்லை. கரண்ட் இல்லாததால் போர் மோட்டாரை நம்ப வழியில்லை. கொட்டகையில் கிடந்த, தண்ணீர் இறைக்கும் பழைய மண்ணெண்ணெய் இன்ஜினைத் தூக்கிவந்து கயிறு இழுத்தோம், இழுத்தோம், தோள்தான் கழன்றது. கார்புரேட்டரைத் திறந்தால் எரிபொருள் போகும் சின்னத் துளையான ஜெட்டில் பிசின் கட்டியிருந்தது. பங்காளி வீட்டு இன்ஜின் ஓய்ந்து எங்களுக்குக் கிடைக்க இரண்டு நாள் ஆனது. பள்ளத்திலிருந்த பயிர் போய்விட்டது.

அதன் பிறகுதான் இந்த இன்ஜினுக்கு எந்த எரிபொருள் சரி என்று உட்கார்ந்து யோசித்தேன். ஊரில் எல்லோரும் மணிக்கு எவ்வளவு செலவு என்றுதான் கேட்கிறார்கள். வருஷத்தில் பத்து மாதம் சும்மா கிடந்து, புயல் நாளில் முதல் சில இழுப்பில் பிடித்தாக வேண்டிய இன்ஜினுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கிடப்பில் எது கெடாமல் இருக்கும், ஈரத்தில் எது பிடிக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியே மண்ணெண்ணெயில் விடுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். சின்ன டேங்கில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் எரிபொருள் குழாயின் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை இது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் மூன்றில் திரவமாக அதிக ஆற்றல் மண்ணெண்ணெயில்தான்: ஏறக்குறைய 35 மெகாஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). பெட்ரோலில் 32. பெட்ரோல் அளவுக்குச் சீக்கிரம் ஆவியாகி நாசமாவதும் இல்லை. ஆனால் ரேஷன் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும் உரியது, அதுவும் சுருங்கிவிட்டது. வெளியில் வாங்கினால் விலை கடிக்கிறது. இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. இன்ஜின் முழுச் சூட்டை எட்டாமல் ஓடினால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள், வாசனையே சொல்லிவிடும். தவிர, எப்படியும் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் வேண்டும். எங்களைக் காலை வாரியது அந்தச் சின்ன டேங்குப் பெட்ரோல்தான்.

கேஸ் விஷயத்தில் நான் நெடுநாள் மனம் ஊசலாடினேன். எல்பிஜி எத்தனை வருஷம் ஆனாலும் சிலிண்டருக்குள் கெடாது. ஜெட்டில் பிசின் கட்டாது, ஆயிலில் கலக்காது. ஒரு கிலோவில் சுமார் 46 மெகாஜூல், ஆக 5 கிலோ சிலிண்டர் ஒன்று இன்றைய பெட்ரோல் ஏழரை லிட்டருக்குச் சமம். கிடப்பு என்ற ஒரே அளவுகோலில் கேஸ்தான் முதலிடம், அதை மறுக்க மாட்டேன்.

தடுத்தது மூன்று. வீட்டுச் சிலிண்டரை இன்ஜினுக்கு வைப்பது சட்டப்படி குற்றம், வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். நாங்கள் இன்ஜினை வைப்பதே வயலின் பள்ளத்தில். மூன்றாவது இன்ஜினின் உடம்பு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் 1950-களில் ஜான் டியர், மினியாபொலிஸ்-மோலின் போன்ற நிறுவனங்கள் எல்பிஜியில் இருக்கும் வாயுக்களில் ஒன்றான புரொப்பேனில் ஓடும் டிராக்டர்களையே தயாரித்து விற்றன. புரொப்பேனுக்கு ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) நூறுக்கு மேல் என்பதால் அவற்றில் அழுத்தம் கூடிய ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) இருக்கும். கேஸாகவே உள்ளே போவதால், காற்றும் எரிபொருளும் சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டைச் சூடாக்கத் தேவையில்லை. அந்த டிராக்டர்களைப் பெட்ரோலுக்கு மாற்றுபவர்கள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்து இன்ஜின் தட்டும். மேனிஃபோல்டையும் மாற்ற வேண்டிவரும். நம்முடையது நேர் எதிர். மண்ணெண்ணெய் தட்டாமல் எரிய அழுத்தம் குறைந்த ஹெட், ஆவியாக்க நல்ல சூடு. இதில் கேஸை ஏற்றினால் அதன் ஆக்டேன் பலம் வீணாகும், இழுவை கிடைக்காது. அதே காரணத்தால் பெட்ரோலுக்கு மாற்றுவது எளிது, தட்டும் பயமே இல்லை.

பெட்ரோலுக்கே மாற்றுவது என்று முடிவெடுத்தபோது எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னது: “பெரிய டேங்கைக் கழுவிப் பெட்ரோல் ஊத்துங்க தம்பி, முதல்ல பிளக்கப் பாருங்க.” ஸ்பார்க் பிளக் கறுத்து, புகையும் கறுப்பாக வந்தால் மண்ணெண்ணெய்க்கான மெயின் ஜெட் பெரிது என்று அர்த்தம், சின்னதாக மாற்ற வேண்டும். எங்களுடையதில் மாற்றினோம். அதே மாடலின் பெட்ரோல் ஹெட் கிடைத்தால் போடலாம், இழுவை கூடும். தண்ணீர் இறைக்க அது கட்டாயமில்லை. சூடான நாளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி இன்ஜின் நிற்கலாம் என்பதால் குழாயை சைலன்ஸர் பக்கம் போகாமல் திருப்பிக் கட்டினோம்.

பெட்ரோலின் உண்மையான குறை இப்போது அதில் கலக்கும் 20 சதவீத எத்தனால். ஆற்றல் லிட்டருக்கு சுமார் 30 மெகாஜூலாக இறங்குகிறது. அது போகட்டும், எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் தண்ணீர் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் உப்பிப்போகும். ஆகவே குழாய், வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போட்டோம். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் எரிபொருள் திருகை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை விடுகிறோம். டேங்கில் மிச்சமிருப்பதை வண்டியில் ஊற்றிவிடுகிறோம். இந்த ஒரு பழக்கம் இருந்தால் கிடப்புப் போட்டியில் கேஸின் முதலிடம் பெரிய விஷயமாகத் தெரியாது.

விலையில் பெட்ரோல் தோற்கும், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறது. புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும். அதற்காகக் கேனைத் தூக்கிக்கொண்டு பாகூர் வரை போவதை நான் செய்யமாட்டேன். வருஷத்தில் முப்பது, நாற்பது மணி நேரம் ஓடும் இன்ஜினுக்கு அந்த மிச்சம் ஒரு மூட்டை உரத்துக்குக்கூடக் காணாது. தினமும் நாலு மணி நேரம் இறைப்பவர் என்றால் நான் சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு மின் இணைப்போ சோலாரோ பாருங்கள்.

ஐப்பசி பிறந்ததும் அரை லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. சக்‌ஷன் ஓஸும் (தண்ணீரை உறிஞ்சும் குழாய்) அதன் நுனியிலுள்ள ஃபுட் வால்வும் சரிபார்த்து, இந்தத் தடவை இன்ஜினைக் கொட்டகையில் தரையில் வைக்காமல் பரண் உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றிவைத்திருக்கிறோம்.