முக்கால் மீற்றர் தண்டவாளம் போன வழியே: ஜிரோனாவிலிருந்து கடல் வரை சைக்கிளில்

நாற்பது கிலோமீற்றர் தூரம் முழுவதும் பின்னால் ஒரு ஹோர்ன் சத்தமும் கேட்காமல் சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னால், திருகோணமலையில் சைக்கிள் ஓட்டிப் பழகிய எவரும் இலகுவில் நம்பமாட்டார். நில அளவையாளராக வேலை பார்த்த காலத்தில் கருவிகளைக் கரியரில் கட்டிக்கொண்டு தம்பலகாமத்து வாய்க்கால் கரைகளிலும் கந்தளாய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளிலும் அலைந்தவன் நான். டிப்பர் வருகிறதென்றால் அது கண்ணுக்குத் தெரியும் முன்பே இறங்கி, வேலியோரம் ஒதுங்கி, செம்புழுதி அடங்கும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதுதான் கிரவல் வீதியின் ஒழுங்கு என்று பழகிவிட்டேன். ஆகவே சென்ற ஒக்டோபரில், பாரிசில் வசிக்கும் என் தங்கையின் மகன் "மாமா, வாகனமே வராத கிரவல் பாதை ஒன்று இருக்கிறது, ஒரு நாள் சைக்கிள் ஓட வாறீங்களா?" என்று கேட்டபோது, அவனுடைய மனம் நோகக்கூடாது என்பதற்காகவே சரி என்றேன்.

பாதை ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கற்றலோனியாவில் இருக்கிறது. பாரிசிலிருந்து பார்சிலோனாவுக்குப் போகும் அதிவேகப் புகையிரதம் ஜிரோனா நகரில் நிற்கும். அங்கே இறங்கி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து, சான் பெலியு த கிஷோல்ஸ் என்னும் துறைமுகப் பட்டினம்வரை ஓட்டிச் செல்ல வேண்டும். சைக்கிளைத் தந்த கடையைப் பற்றியும் பாதையைப் பற்றியும் நான் ஒரே அபிப்பிராயம் சொல்ல முடியாது என்பதால், இரண்டையும் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

முதலில் பாதை. 1892 முதல் 1969 வரை இந்த வழியில் 750 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்னப் புகையிரதம் ஓடியிருக்கிறது. திருகோணமலைக்கு வரும் நமது தண்டவாளத்தின் அகலம் 1,676 மில்லிமீற்றர். அதில் பாதிகூட இல்லாத அகலம் இது. உள்ளூரின் தக்கை முதலான சரக்குகளைத் துறைமுகத்துக்கு இறக்கிய அந்த ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் பின்னர் அந்த வழியை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் திறந்துவிட்டார்கள். ஸ்பெயினில் கைவிடப்பட்ட புகையிரத வழிகளை இவ்வாறு 'பசுமை வழி'களாக மாற்றும் திட்டம் 1993 இல் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகள் இப்படி இருக்கின்றன.

ரயில் போன வழி என்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. அதை நில அளவையாளன் ஒருவன் சொன்னால்தான் பொருந்தும். புகையிரதத்துக்கு ஏற்றம் பிடிக்காது. ஜிரோனா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 மீற்றர் உயரத்திலும், பாதிவழியில் இருக்கும் லியகொஸ்தெரா ஏறத்தாழ 160 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. 20 கிலோமீற்றரில் 90 மீற்றர் ஏற்றம் என்றால் சராசரியாக ஆயிரம் மீற்றருக்கு நாலரை மீற்றர்; முழங்கால் வலிக்காரனுக்கும் அது ஏற்றமாகத் தெரியாது. அங்கிருந்து கடல்வரை மீதி 20 கிலோமீற்றரும் பொதுவாக இறக்கம். கடலில் இருந்து தொடங்கி ஜிரோனாவுக்கு ஏறுவோரும் இருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அந்த வீரத்தை இளைஞருக்கு விட்டுவிடலாம்.

தரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம்மூர்க் கிரவல் செம்மண்ணும் சரளையும் கலந்தது. வெயிலில் புழுதியாகி, மாரி மழையில் களியாகி, டிப்பர் சில்லுகளின் கீழ் அலையலையாக மடிப்பு விழுந்துவிடும். இங்கே போட்டிருப்பது உக்கிப்போன கருங்கல்லிலிருந்து வரும் வெளிர் மஞ்சள் மணல். ஊரார் அதைச் 'சவுலோ' என்கிறார்கள். ஓர் இடத்தில் இறங்கி ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன்: கற்கண்டு நொருக்கியது போன்ற சொரசொரப்பான மணிகள், இடையிடையே மைக்காவின் மினுக்கம், கையில் ஒட்டாத வறட்சி. அழுத்தி இறுக்கினால் தரை கெட்டியாகிறது. முதல் நாள் இரவு மழை பெய்திருந்தும் காலையில் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. சில்லு உருளும்போது எழும் மெல்லிய நெரியும் சத்தம், கல்லுரலில் உளுந்து அரைபடும் சத்தத்தை எனக்கு ஞாபகப்படுத்தியது. அந்தச் சத்தத்தையும் குருவிகளையும் தவிர வேறொன்றும் காதில் விழாத தூரங்கள் பல இருந்தன. பின்னால் என்ன வருகிறது என்று காது தேடிக்கொண்டே இருக்கும் பழக்கம் என்னிடம் இருக்கிறது என்பதே, அது தேடுவதை நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனிச் சைக்கிள் கடை. ஒரு சைக்கிளுக்கு ஒரு நாள் வாடகை 45 யூரோ. அதற்குள் தலைக்கவசமும் பூட்டும் பழுதுபார்க்கும் பையும் அடங்கும் என்றும், மாலை 4 மணிக்குத் துறைமுகப் பட்டினத்தில் வான் வந்து எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். சைக்கிள் நல்லது, அதில் குறை சொல்ல மனம் வரவில்லை. நான் வீட்டில் வைத்திருக்கும் லுமாலா சைக்கிளோடு ஒப்பிட்டால் பாரம் பாதியாக இருக்கும். 40 மில்லிமீற்றர் அகல டயர், டிஸ்க் பிரேக், மேட்டிலும் மூச்சு வாங்காமல் மிதிக்கவைக்கும் கியர். ஆனால் பணியாளர் என் உயரத்தைக் கேட்காமலே சீற்றை வைத்துத் தந்தார். முதல் ஐந்து கிலோமீற்றரும் முழங்கால் நெஞ்சில் இடிப்பதுபோல் ஓட்டினேன். மணியும் இல்லை. சைக்கிளில் மணி இல்லாமல் எப்படி என்று கேட்டதற்கு, வாயால் சொல்லுங்கள் என்றார். அன்று முழுவதும் நாயோடு நடந்துபோன முதியவர்களைக் கடக்கும்போதெல்லாம் "பொன் தியா, பொன் தியா" என்று காலை வணக்கம் கூவிக்கொண்டே போனோம். பின்னேரமாகியும் காலை வணக்கமேதான்.

இலங்கையிலிருந்து போகிறவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். அதோடு, நமது சைக்கிளில் வலது கையில் இருக்கும் முன் பிரேக் அங்கே இடது கையில் இருக்கும். முதல் குறுக்குச் சாலையில் நான் பழக்கதோஷத்தில் இடது பிடியை இறுக்கி, பின் சில்லு எழும்பி, ஹாண்டிலுக்கு மேலால் போகாமல் தப்பியது கோணேசர் அருள்.

காசா த லா செல்வா என்னும் ஊரைத் தாண்டியதும் என் முன் டயர் இளகத் தொடங்கியது. பையைத் திறந்து பம்பை எடுத்தோம். நம்மூரில் எத்தனையோ டயர்களுக்குக் காற்று அடித்தவன் என்ற மிதப்போடு நான் குனிந்தால், வால்வு பென்சில் முனை போல் ஒல்லியாக நீண்டு நிற்கிறது. பம்பின் வாயோ மோட்டார் சைக்கிள் வால்வுக்குரிய தடித்த வாய். இரண்டும் பொருந்தவில்லை. கடைக்குத் தொலைபேசி எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்து அவ்வழியே வந்த எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், பேச்சுக்கு இடமின்றி இறங்கி, வால்வின் நுனியிலுள்ள கடுகளவு திருகை இரண்டு விரலால் தளர்த்தி, ஒருமுறை அழுத்தி 'ப்ஸ்' என்று கேட்கவைத்து, தன் பம்பைப் பொருத்தி அடித்துத் தந்தார். திருகைத் தளர்த்தாமல் எத்தனை தரம் அடித்தாலும் காற்று ஏறாதாம். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். வாடகைக்கு எடுப்பவர்கள் புறப்படும் முன் பையைத் திறந்து, பம்பை வால்வில் ஒருமுறை பொருத்திப் பார்க்கவேண்டும் என்று இதைவிட அழுத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜிரோனாவை விட்டு வெளியேறும்வரை நகரத்துச் சைக்கிள் வழிகள்தான்; பிறகு கறுப்பு மட்பாண்டங்களுக்குப் பேர்போன குவார்ட், அறுவடை முடிந்த சோள வயல்கள். காட்சிக்கு உரிய பகுதி லியகொஸ்தெராவுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. இருபுறமும் தாழ்ந்த மலைகள் நெருங்கி வர, பைன் மரங்களுக்கிடையே தக்கை ஓக் மரங்கள் நிற்கின்றன. பட்டை உரித்த மரம் அடியில் கருஞ்சிவப்பாக, மேலே சாம்பல் நிறமாக, சாரத்தை மடித்துக் கட்டியவர்போல் நிற்கிறது. ஒருமுறை உரித்தால் மறுபடி உரிக்க 9 ஆண்டுகளாவது, பெரும்பாலும் அதற்கு மேலும், காத்திருக்க வேண்டும். உரிக்காத மரமொன்றைப் பெருவிரலால் அழுத்தினால் பட்டை சற்றே உள்வாங்கி மீண்டும் எழும்புகிறது. மரத்துக்குச் சதை இருப்பதுபோல் ஓர் உணர்வு.

மதிய உணவு லியகொஸ்தெராவில். சுட்ட பாணில் தக்காளியைத் தேய்த்து, ஒலிவ் எண்ணெயும் உப்பும் தூவித் தருகிறார்கள். சைவக்காரனுக்கு அது போதும். கற்றலன் மொழியில் பாணுக்குப் 'பா' என்று பெயராம். போர்த்துக்கீசர் நம் வாயில் வைத்துவிட்டுப் போன சொல்லின் உறவுக்காரரை அங்கே சந்தித்ததில் எனக்கு மகிழ்ச்சி.

'வாகனமே வராத' என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்களுக்குள் தெருக்களைப் பகிர வேண்டியிருக்கிறது, சில இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. உழவு இயந்திரம் ஒன்றையும் எதிர்கொண்டோம். ஆனால் எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தவர் அதன் சாரதிதான். பின்னேரம் கடற்பக்கமிருந்து எதிர்க்காற்று வீசும். ஆனால் நம்மூர்க் கச்சான் காற்றுக்கு முன்னால் அது விசிறிக் காற்று.

சான் பெலியுவில் 3.30 க்கே போய்ச் சேர்ந்தோம். 4 மணிக்கு வரவேண்டிய வான் 5.10 க்கு வந்தது. சாரதி நெரிசலைக் காரணம் சொன்னார். பம்பைப் பற்றி முறையிட்டபோது கடையில் 10 யூரோ திருப்பித் தந்தார்கள், மன்னிப்புக் கேட்கவில்லை. பாதைக்குப் பத்துக்குப் பத்து. கடைக்கு நாலரை, அதுவும் சைக்கிளின் தரத்துக்காக.

இதே ஜிரோனாவுக்கு எரிமலைப் பிரதேசமான ஓலோட்டிலிருந்து இறங்கிவரும் இன்னொரு பழைய ரயில் வழியும் இருக்கிறது. அது ஏறத்தாழ 55 கிலோமீற்றர். இரண்டையும் சேர்த்து இரண்டு நாளில் ஓட்டுவதென்று மருமகனும் நானும் பேசிவைத்திருக்கிறோம். சைக்கிளை வேறு கடையில் எடுப்போம். பம்பை நான் இங்கிருந்தே கொண்டு போவேன்.