கல்லணையா, மேட்டூர் அணையா?

இரண்டும் காவிரியில்தான் இருக்கின்றன. ஆனால் ஆற்றை நடத்தும் விதம் வேறு.

கல்லணை தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை. வருவதைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடும். வண்டலும் தண்ணீரோடு சேர்ந்து வயலுக்குப் போகும். என் மனசு இந்தப் பக்கம்தான்.

1934-இல் வந்த மேட்டூர் அணை 120 அடி வரை நீரைப் பிடித்து வைக்கிறது; கொள்ளளவு 93.47 டிஎம்சி. வண்டலும் அங்கேயே தங்கிவிடுகிறது. மழை பொய்த்த மாதங்களில் இந்த இருப்புதான் டெல்டாவுக்குச் சோறு போடுகிறது, சரி. ஆனால் அப்புறம் ஆற்றுக்கே ஒரு தேதி வந்துவிட்டது: பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12. அன்றைக்கு இருப்பு போதவில்லையென்றால் ஆற்றுப் பாசனக் குறுவை நெல் சாகுபடி தள்ளாடும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஆடிப்பெருக்கு அன்று படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே மணல் மட்டும் கிடக்க, குடத்து நீரை ஊற்றிக் கும்பிடுகிறார்கள்.